2 டிபி அழிச்சும் காலி இடம் ஏறலை, டிஸ்க் அளவே குறையுது – உதவி

படச்சுருள் | இரவு 11:42
அவசரம். வீட்டு சர்வர்ல 4 டிபி டிஸ்க் நாலு இருக்கு, கல்யாண வீடியோ எல்லாம் அதுலதான். முந்தாநாள் டெலிவரி முடிஞ்ச ஃபோல்டரா பாத்து 2 டிபிக்கு மேல அழிச்சேன். காலி இடம் 1.1லயே நிக்குது. அதைவிட பயம், மொத்த அளவே 9.7ல இருந்து 7.5க்கு இறங்கிடுச்சு. டிஸ்க் போகப்போகுதா? ஞாயித்துக்கிழமை ரெண்டு முகூர்த்தம் ஷூட் இருக்கு. யாராவது சொல்லுங்க.

கம்பிவடம் | 11:50
என்ன ஃபைல் சிஸ்டம்? ரெய்டு உண்டா? அந்த 9.7, 7.5 எந்த கமாண்ட் காட்டுச்சு? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது ப்ரோ.

கணக்குப்புலி | 11:53
1000க்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம்தான். 4 டிபின்னு விக்கற டிஸ்க் கம்ப்யூட்டர் கணக்குல 3.64. நாலும் சேத்து 14.55. அதுல ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்குப் போகும், அதாவது ஒரு டிஸ்க் கெட்டா மீட்கறதுக்கான உபரி டேட்டாவுக்கு.

கம்பிவடம் | 11:55
நீங்க சொல்றது சரிதான், ஆனா அந்தக் கணக்கு ரெண்டு நாள்ல மாறாதே.

பழைய_ரேக் | 12:10
ஃபைல் சிஸ்டம் பேர்கூட சொல்லாம "அவசரம்"னு போடறவங்களுக்கு எத்தனை வாட்டிதான் சொல்றது? கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி மேனுவலைத் திறந்து பாக்கணும். பிழைப்பே இந்த டிஸ்க்லதான்னா, அதை ஓட்டத் தெரிஞ்சுக்கறதும் பிழைப்புல ஒரு பாகம்தான்.

படச்சுருள் | 12:21
மன்னிக்கணும் சார். உபுண்டு 22.04, ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ், ரெய்டுஇசட்1 (ஒரு டிஸ்க் போனா தாங்கற வகை). டிஎஃப் -எச்ல பாத்தேன். சித்தப்பா பையன் செட் பண்ணிக் கொடுத்துட்டு வெளியூர் போயிட்டான்.

நிழல்ஃபைல் | 12:26
அழிச்ச ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வெச்சிருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டுப் பாருங்க. எடிட்டிங் மெஷின் சாம்பா (நெட்வொர்க்ல ஃபோல்டர் பகிர்றது) வழியா பிடிச்சிருந்தா இப்படித்தான் ஆகும். எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு.

படச்சுருள் | 12:34
ரெண்டு தடவை ரீபூட் பண்ணிட்டேன். அதே 1.1தான்.

கம்பிவடம் | 12:37
அப்ப அது இல்லை. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல ஃபைல் எப்படி இருந்துச்சோ அப்படியே பிடிச்சு வெக்கறது) எடுக்குதா? இசட்எஃப்எஸ் லிஸ்ட் -டி ஸ்னாப்ஷாட் போடுங்க.

படச்சுருள் | 12:45
எடுக்குது, 180க்கு மேல இருக்கு. ஆனா யூஸ்டுங்கற வரிசை முழுக்க சில எம்பிதான், கூட்டிப் பாத்தா 40 ஜிபிகூட வரலை. அதனால இதுவும் இல்லைன்னு நினைக்கிறேன்.

ஆலமரத்தடி | 12:58
இதுவேதான் தம்பி. அந்த யூஸ்டு வரிசையை நம்பிக் கூட்டாதீங்க. ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் தனியா பிடிச்சு வெச்சிருக்கற இடத்தைத்தான் அது காட்டும். ஒரே வீடியோவை 180 ஸ்னாப்ஷாட்டும் சேந்து பிடிச்சிருந்தா, அது யார் கணக்குலயும் வராது.

இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ் போடுங்க. அதுல யூஸ்டுஸ்னாப்னு ஒரு வரிசை வரும், எல்லா ஸ்னாப்ஷாட்டும் சேத்துப் பிடிச்சிருக்கறது அங்க தெரியும்.

டிஸ்க் அளவு சுருங்கினதுக்கும் காரணம் இதுதான், டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. இசட்எஃப்எஸ்ல டிஎஃப் சொல்ற "மொத்தம்" டிஸ்க்கோட மொத்தமே இல்லை. அந்த டேட்டாசெட்ல (இசட்எஃப்எஸ்ல தனியா பிரிச்ச ஒரு பகுதி) இப்ப இருக்கற ஃபைலும் காலி இடமும் சேந்த கூட்டல். நீங்க அழிச்சது "இருக்கற ஃபைல்" கணக்குல இருந்து கழிஞ்சுது, ஆனா ஸ்னாப்ஷாட் பிடிச்சிருக்கறதால காலி இடத்துல ஏறலை. கூட்டல் குறையத்தானே செய்யும்?

படச்சுருள் | 1:06
அண்ணா! டேங்க்/வீடியோ: காலி 1.1, யூஸ்டுஸ்னாப் 2.2, யூஸ்டுடிஎஸ் 6.4. டேங்க்/விஎம்னு (விர்ச்சுவல் மெஷினுக்கு) இன்னொண்ணு 730 ஜிபி காட்டுது, அதுக்குள்ள 500 ஜிபி டிஸ்க்தான் வெச்சிருக்கேன். இதுல ஏதும் தப்பா?

பழைய_ரேக் | 1:11
நாலு டிஸ்க்குக்கு ரெய்டுஇசட்1 போட்டதுதான் முதல் தப்பு. ஒண்ணு போய் புதுசை ஏத்தறப்ப இன்னொண்ணும் போச்சுன்னா அத்தனை கல்யாணமும் போச்சு. மிர்ரர்தான் சரி, ரெண்டு ரெண்டு டிஸ்க்கா ஜோடி போட்டு ஒரே டேட்டாவை ரெண்டுலயும் வெக்கறது.

நிழல்ஃபைல் | 1:15
மிர்ரர்னா பாதி இடம்தான் சார், அவர் கஷ்டமே இடம்தானே. அதுலயும் ஒரே ஜோடியில ரெண்டும் போனா பூலே (நாலு டிஸ்க்கும் சேந்த மொத்தமும்) போச்சு. அதே பாதி இடத்துக்கு ரெய்டுஇசட்2 போட்டா எந்த ரெண்டு போனாலும் தாங்கும்.

பழைய_ரேக் | 1:19
வேகம்? ஜோடியில ஒண்ணை மாத்தினா இன்னொண்ணுல இருந்து நேரா காப்பி ஆகும். ரெய்டுஇசட்ல மிச்ச மூணையும் படிக்கணும்.

கணக்குப்புலி | 1:22
டிஸ்க்கை ஒவ்வொண்ணா சேத்து விரிவாக்கியிருந்தா காலி இடக் கணக்கு தப்பா வரும். அந்த வசதி இசட்எஃப்எஸ் 2.3லதான் வந்துச்சு. அவர் உபுண்டு 22.04ல இருக்கார், அதுல வர்றது அதுக்கு முந்தின வெர்ஷன், அதனால பொருந்தாது. தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.

ஆலமரத்தடி | 1:30
சண்டையை அப்புறம் வெச்சுக்குங்கப்பா, அவருக்கு ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு.

தம்பி, 2.2 டிபி இருக்கற இடம் தெரிஞ்சிருச்சு. ஆனா கைவைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வீடியோ ஃபோல்டருக்குள்ள .இசட்எஃப்எஸ்/ஸ்னாப்ஷாட்னு ஒண்ணு மறைவா இருக்கும், பேரை அடிச்சாத்தான் திறக்கும். முந்தாநாளுக்கு முந்தின ஸ்னாப்ஷாட்ல போய், நீங்க அழிச்ச ஒவ்வொரு ஃபோல்டரையும் நிதானமா பாருங்க. இந்தக் கதவு மூடினா மறுபடி திறக்காது.

பாத்த பிறகு இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய் -என்வி போட்டு, முதல் ஸ்னாப்ஷாட் % அழிச்சதுக்கு முந்தின கடைசி ஸ்னாப்ஷாட்னு கொடுங்க. -என் இருக்கற வரைக்கும் எதையும் அழிக்காது, எவ்வளவு இடம் வரும்னு மட்டும் சொல்லும். 2.2க்குப் பக்கத்துல வந்தா -என்னை எடுத்துட்டு ஓட்டுங்க.

படச்சுருள் | 2:04
பழசா பாத்து 100 எடுத்தேன். 30 ஜிபிதான் வந்துச்சு...

ஆலமரத்தடி | 2:09
பாதியில நிறுத்தினா வராது. அந்த வீடியோ இருக்கற கடைசி ஸ்னாப்ஷாட் போற வரைக்கும் இடம் விடாது. ஃபோல்டரை எல்லாம் பாத்துட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

கம்பிவடம் | காலை 7:15
அந்த 730 ஜிபிக்கு: விஎம் டிஸ்க் 8கே பிளாக்ல உருவாகியிருக்கும், இசட்எஃப்எஸ் 2.2 வெர்ஷனுக்கு முன்னாடி அதுதான் டீஃபால்ட். ரெய்டுஇசட்1ல 8கே எழுதறதுக்கு ரெண்டு டேட்டா, ஒரு பாரிட்டி, ஒரு நிரப்புன்னு நாலு செக்டர் போகும். அதனால ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு பிடிக்குது. 16கேல புதுசா உருவாக்கி மாத்தினா குறையும். ஆஷிஃப்ட் 12தானே, அதாவது செக்டர் 4கே?

படச்சுருள் | மாலை 6:40
காலி 3.1 ஆயிடுச்சு. ஓட்டி முடிச்ச உடனே ஏறலை, கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. அண்ணா சொன்ன மாதிரி பாத்ததுல ஒரு வளைகாப்பு, இன்னும் ஆல்பமே போகாதது, அழிச்சதுல கலந்திருந்துச்சு. 140 ஜிபி, திரும்ப எடுத்து வெச்சுட்டேன். ரொம்ப நன்றி. ஷூட்டுக்குக் கிளம்பறேன்.

கம்பிவடம் | 9:05
சந்தோஷம். ஸ்னாப்ஷாட் எத்தனை நாள் வெச்சுக்கணும்னு மாத்தினீங்களா? ஆஷிஃப்ட் என்ன வந்துச்சு?