போட்டோ எடுக்கக் கறுப்புத் துணி மாட்டியும் பின்னணி சாம்பலா வந்த அனுபவம் யாருக்கெல்லாம்?

வெளிச்சக்காரன்
கறுப்பு காட்டன் ரெண்டு மீட்டர், கொடிக்கயிறு, நாலு துணி கிளிப். முன்னாடி பித்தளைக் குத்துவிளக்கு, பக்கவாட்டுல பிளாஷ். படத்துல துணியோட ஒவ்வொரு மடிப்பும் சாம்பல் கோடா வந்து நிக்குது. இஸ்திரி போட்டும் போகலை. துணி குத்துவிளக்குக்கு ஒன்றரை அடி பின்னாடிதான் இருந்துச்சு, தப்பு அங்கதான். பிளாஷ்லேர்ந்து குத்துவிளக்கு 2 அடி, துணி 8 அடின்னு மாத்தினதும் துணிக்குப் போற வெளிச்சம் குத்துவிளக்குல விழுறதுல 16-ல ஒரு பங்கு ஆயிடுச்சு, அதாவது நாலு ஸ்டாப் கம்மி (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது). மடிப்பைக் காணோம். துணி அதே துணிதான்!

மூணாவது மாடி
எட்டடிக்கு எங்க போறது பாஸ்? பத்துக்குப் பத்து ரூம்ல கட்டில் போக மிச்சம் அஞ்சடி. வெல்வெட்தான் வழி. ஆனா அதுலயும் ஒரு கூத்து: ரெண்டு துண்டைச் சேர்த்துத் தச்ச திரையில இடது பாதி கன்னங்கரேல்னு, வலது பாதி வெளுத்த சாம்பல். தையல்ல ஒரு துண்டு தலைகீழாப் போயிருக்கு. வெல்வெட் மயிர் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கும். கீழேர்ந்து மேல தடவினா வழுவழுன்னு போகணும், அப்படி மாட்டினாதான் வெளிச்சத்தை முழுங்கும். கீழ்நோக்கிச் சாஞ்சா மினுங்கும்.

சின்னக்குடை
துணிக்குப் பதிலா வைக்கிற தெர்மாகோல் போர்டுக்குக் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீங்க. அரை நிமிஷத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா உருகிடும், பெயின்ட்ல இருக்கிற கரைப்பான் அதைத் தின்னுடும். தண்ணியில கரையற போஸ்டர் கலர் ரெண்டு கோட் போதும்.

இருட்டறை
போன்ல எடுத்த மாதுளம்பழம், பின்னாடி நல்ல இருட்டு. நைட் மோட் தானா ஆன் ஆகி, இருட்டுக்குள்ள கிடந்த பீரோவைப் புள்ளிபுள்ளியா வெளிய இழுத்துட்டு வந்துடுச்சு. அவ்வளவுதான் நம்ம கதை.

ஆனா மேல தூரமா வெல்வெட்டான்னு போற பேச்சு வீண். 1880-களில் பாரிஸ்ல எத்தியென்-ஜூல் மரேங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி அசைவுகளைப் படம்பிடிச்சப்போ ஆழமான கொட்டகை கட்டி, உள்ள கறுப்பு பூசி, பின்பக்கம் கறுப்பு வெல்வெட்டும் போட்டார். ரெண்டும் வேணும். துணியே இல்லைன்னா வாசப்படி இருக்கே: மத்தியானம், நிழல் விழுற வாசல், ஆளைப் படிக்கு ஒரு அடி உள்ள வெளியப் பார்த்து உட்கார வைங்க. உள் லைட், பின் ஜன்னல் ரெண்டையும் மூடுங்க. வெளியேர்ந்து எடுங்க. போன்ல நைட் மோடும் எச்டிஆரும் (இருட்டை வெளுக்க வைக்கிற வசதி) ஆஃப், ஸ்கிரீன்ல தெரியற முகத்துல விரலை வச்சு லாக் பண்ணி வெளிச்சத்தைக் கீழ இழுக்கணும். கேமராவை ஆட்டோல விட்டா கறுப்பையும் நடுச்சாம்பலா ஆக்கத்தான் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (+/- அமைப்பு) மைனஸ் 1-லேர்ந்து மைனஸ் 2 வரை இறக்குங்க. பிளாஷ் இருந்தா முதல் ஷாட்டைப் பிளாஷ் இல்லாம எடுங்க: ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 100. படம் முழுக்கக் கறுப்பா வரணும். ஏதாவது தெரிஞ்சா அது ரூம் வெளிச்சம், அதை அணைச்சிட்டுத்தான் அடுத்த வேலை. ஷட்டரை ரொம்ப ஏத்தாதீங்க, பல கேமராவுல பிளாஷ் போட்டு 1/250-க்கு மேல போனா படத்துல கறுப்புப் பட்டை விழும். மிச்சமிருக்கிற சாம்பலை எடிட்டிங்ல கர்வ்ஸோட (வெளிச்சத்தை மாத்துற கோடு) இடது முனையைக் கொஞ்சம் உள்ள தள்ளிச் சரிபண்ணலாம்.

தாழம்பூ
கர்வ்ஸைத் தள்ளச் சொல்றீங்களே அண்ணா, ஆள் படத்துல அதைச் செஞ்சா முடி போயிடும். கறுப்புப் பின்னணி, பின்னல் போட்ட பொண்ணு, தலையில மல்லிகை. ஒரே இழுப்புல பின்னலைக் காணோம், மல்லிகைச் சரம் மட்டும் அந்தரத்துல தொங்குது. முடி தனியாத் தெரிய, தலைக்குப் பின்னாடி பக்கவாட்டுல இன்னொரு சின்ன பிளாஷ் வேணும். அதோட வெளிச்சம் சிதறாம இருக்க ஒரு கூண்டு: கறுப்பு ஸ்ட்ராவை 4 செ.மீ. துண்டுகளா வெட்டி, பிளாஷ் முகம் அளவு அட்டைப் பெட்டியில நெருக்கி ஒட்டணும். 6 மி.மீ. ஸ்ட்ரான்னா எண்பது துண்டு பிடிக்கும். வெள்ளை ஸ்ட்ரா வேண்டாம், பக்கமெல்லாம் வெளிச்சம் கசியும்.

மூணாவது மாடி
கூண்டு சரி. அந்தப் பிளாஷ் லென்ஸைப் பார்த்துச்சுன்னா மொத்தப் படமும் பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். நடுவுல ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்க.

கரிசல்
துணி பாலியஸ்டரா? மஞ்சள் குண்டு பல்ப்ல எடுத்த கறுப்புத் திரை, கத்தரிப்பூ நிறத்துல வந்துச்சு. சில சாயம் கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். 2006-ல வந்த லைக்கா எம்8 கேமராவுக்கு இதுலதான் பேர் கெட்டுச்சு, லென்ஸுக்கு அகச்சிவப்பைத் தடுக்கிற ஃபில்டர் கொடுத்துச் சமாளிச்சாங்க. எல்இடி-யில அகச்சிவப்பு ரொம்பக் கம்மி, பல்பை மாத்திப் பாருங்க.

வெளிச்சக்காரன்
நம்ம துணி காட்டன்தான். வெல்வெட் வாங்கினா மேல ஒட்டுற பஞ்சை எப்படி எடுக்கிறது?

சின்னக்குடை
பிரவுன் டேப்பைக் கையில ஒட்டற பக்கம் வெளிய வர்ற மாதிரி சுத்தி, மயிர் சாஞ்ச திசையிலேயே ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க.