தனியுரிமையா, கூட்டாண்மையா, கம்பெனியா: லாபம் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது?

வரி சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வருஷம் 10 லட்சம் லாபம் வரும் கடை. தனியுரிமையாக இருந்தால் அது முதலாளியின் சொந்த வருமானம். வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. அதையே இரண்டு பேர் கூட்டாண்மையாக நடத்தினால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் (வரி மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31.2. உழைக்கும் பங்குதாரர் சம்பளமாக முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் கழிக்கலாம். ஆக 7.8 லட்சம் போய், எஞ்சும் 2.2 லட்சத்துக்கு வரி 68,640 ரூபாய்.

அந்தக் கழிவும் கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான். "பங்குதாரர்கள் பேசி முடிவு செய்வார்கள்" என்று மொட்டையாக எழுதிய பத்திரங்கள் வரி மதிப்பீட்டில் அடிபடுகின்றன. தொகையோ கணக்கிடும் முறையோ அதிலேயே இருக்கட்டும். முதலுக்கு வட்டி 12 சதவீதம் வரை; அதையும் எழுதுங்கள்.

*

மேலே சொன்னது, வரவு செலவுப் புத்தகம் எழுதி லாபம் காட்டுபவர்களுக்கு. விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் என உத்தேச லாபம் காட்டும் கூட்டாண்மை, பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் கழிக்கவே முடியாது. எல்எல்பிக்கு (பங்குதாரர் பொறுப்பு வரம்புக்குட்பட்ட கூட்டாண்மை) இந்த உத்தேச லாப வழியே கிடையாது.

2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து வருஷம் 20,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது நிறுவனமே பிடித்துக் கட்டும் வரி. பணம் கைக்குப் போகாமல் அவர் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும்.

கூட்டாண்மையை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள் சார். பதியாத நிறுவனம் பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது.

*

கம்பெனியில் சம்பளத்துக்கு அந்த 90, 60 வரம்பு இல்லை. வேலைக்கு நியாயமான தொகை முழுவதும் செலவு. மிச்ச லாபத்துக்குச் சலுகை வரி விகிதம் 25.168 சதவீதம். ஆனால் விற்பனையே இல்லாத வருஷமும் தணிக்கை உண்டு. ஆண்டுப் படிவம் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். கல்லாப்பெட்டி மாதிரி கம்பெனிக் கணக்கிலிருந்து கைமாற்று எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சேர்ந்திருக்கும் லாபம் அளவுக்கு அந்தக் கடனை டிவிடெண்டாக (கம்பெனி தரும் லாபப் பங்காக) கருதி வரி போடுவார்கள்.

*

தனியுரிமையிலிருந்து மாறுபவர்கள் பழைய ஜிஎஸ்டி எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். முதலில் புது எண், பிறகு ஆடிட்டர் சான்றோடு, உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரியின் கழிவு) புது எண்ணுக்கு மாற்றும் ஐடிசி-02 படிவம், புது நிறுவனம் போர்ட்டலில் அதை ஏற்பது, கடைசியில்தான் ரத்து. வரிசை மாறினால் மிச்சமிருக்கும் அந்த வரவு கைவிட்டுப் போகும்.