பல் செட் அக்ரிலிக்கில் செய்த டபிள்யூ.டி.எம்.2 பக்கச் சட்டங்கள் போகியில் நிற்க மறுக்கின்றன

பொன்மலைவாசி (கேள்வி)

வணக்கம். திருச்சியில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன், இருபத்திரண்டு வருடமாகிறது. பகலில் ஊரார் வாய்க்குப் பல். இரவு ஒன்பதுக்கு மேல் அதே மேசையில் எனக்கு மாதிரி ரயில் என்ஜின். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

செய்துகொண்டிருப்பது டபிள்யூ.டி.எம்.2. 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பிறகு வாரணாசியில் ஆயிரக்கணக்கில் கட்டிய அதே டீசல். அளவு ஹெச்.ஓ., அதாவது 1:87. கூடு முழுவதும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. கைப்பிடிகளுக்குப் பல்வரிசையைச் சீராக்கும் 0.4 மி.மீ. எஃகுக் கம்பியைப் போட்டேன். 87ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 35 மி.மீ.; கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. வளைக்கும் இடுக்கி கையிலேயே இருந்ததால் ஒரே மாலையில் முடிந்தது. அதற்குப் பிறகு பெருமைப்பட ஒன்றும் நடக்கவில்லை.

அடியில் இருப்பது மோட்டாரும் சக்கரங்களும் உள்ள பழைய அமெரிக்க மாதிரியின் ஆறு ஆக்சில் சேசிஸ். போகியின், அதாவது மூன்று மூன்று ஆக்சில்களைத் தாங்கும் அடிவண்டியின், பக்கச் சட்டங்கள் நம் வண்டியைப் போல இல்லை, அறுத்து எறிந்துவிட்டேன். புதியவற்றை மெழுகில் செதுக்கி, சிலிக்கோன் மாவில் அச்சு எடுத்து, பல் செட்டுக்குப் போடும் அக்ரிலிக் பவுடரும் லிக்விடும் கலந்து வார்த்தேன். நான்கும் அருமையாக வந்தன. சுருள்வில்லின் சுற்றுகளைக்கூட எண்ணலாம்.

ஆனால் பல்சக்கரங்கள் இருக்கும் போகிப் பெட்டியில் ஒட்டவில்லை. சூப்பர் குளூ போட்டேன், இரண்டு குழாய் எபாக்சி போட்டேன். காய்ந்ததும் நகத்தால் தட்டினால் உரிந்து வருகிறது. பெட்டி வழுவழுப்பான கறுப்பு பிளாஸ்டிக். இன்னொரு தொல்லை: நம் அகலப் பாதை 1676 மி.மீ.; 1:87இல் 19.3 வர வேண்டும். ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5. சட்டங்களைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தால் என்ஜின் ஒட்டகச்சிவிங்கி போலக் குறுகித் தெரிகிறது. அதனால் பக்கத்துக்கு 1.4 மி.மீ. அட்டை கொடுத்து வெளியே தள்ளியிருக்கிறேன். அந்த எடையும் சேர்ந்து பசையை இழுக்கிறது. என்ன செய்யலாம்?

செங்கோட்டை பாசஞ்சர்

அம்மா, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் அசிட்டால். பல்சக்கரம் தேயாமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காகவே அதைப் போடுகிறார்கள். எண்ணெய்ப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது போலத்தான். எந்தப் பசையும் பிடிக்காது. உப்புத்தாள் தேய்த்தால் ஒரு வாரம் நிற்கும், அவ்வளவுதான். மூன்று போகிகளில் பணத்தைத் தொலைத்துத் தெரிந்துகொண்டேன்.

பசையை மறந்துவிடுங்கள். பாதிப் பல் போனவருக்கு நீங்கள் செய்யும் செட் வாயில் எப்படி நிற்கிறது? பசையாலா? கம்பிக் கொக்கியால்தானே. பல்லின் வயிற்றுக்குக் கீழே கொக்கியின் நுனி போய்ப் பிடிக்கிறதல்லவா. உங்கள் போகிப் பெட்டியின் அடி மூடிக்கும் மேல் பாகத்துக்கும் நடுவே ஒரு வரம்பு இருக்கும். அதில் பிடிக்கும்படி 0.7 கம்பியில் இரண்டு கொக்கி வைத்து, அதைச் சட்டத்தின் பின்புறம் அக்ரிலிக்கிலேயே புதைத்துவிடுங்கள். வேண்டும்போது கழற்றலாம், எண்ணெய் விடலாம்.

கரிவண்டி

கொக்கி நல்ல யோசனை. ஒன்று சொல்லட்டுமா அக்கா? டபிள்யூ.டி.எம்.2இன் போகியில் மூன்று ஆக்சில்களுக்கும் இடைவெளி சமமாக இருக்காது. மோட்டார்கள் உட்காரும் விதத்தால் அப்படி. உங்கள் சேசிஸில் சமமாக இருந்தால், படத்தைப் பார்த்துச் செதுக்கிய ஆக்சில் பெட்டிகள் (சட்டத்தில் ஆக்சில் முனைகள் உட்காரும் இடம்) சக்கரங்களுக்கு நேரே வராது. இடைவெளி தவறாக இருப்பதை ஆயிரத்தில் ஒருவர் கண்டுபிடிப்பார். சக்கரம் ஓரிடத்திலும் பெட்டி வேறிடத்திலும் இருந்தால் குழந்தைகூடச் சிரிக்கும். நான் என்றால் மெழுகை மறுபடி வெட்டி, பெட்டிகளைச் சக்கரத்துக்கு நேரே கொண்டுவருவேன்.

பிறகு, சட்டம் 1.4 மி.மீ. வெளியே வந்தால் வளைவில் என்ஜினின் படிக்கட்டில் முட்டும். ஓட்டுவதற்கு முன் கையால் திருப்பிப் பாருங்கள்.

பொன்மலைவாசி

பாசஞ்சர் ஐயா, தினமும் நான்கு கொக்கி வளைக்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று நேற்று இரவு தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு சட்டம் மாற்றியாகிவிட்டது. கிளிக் என்று உட்காருகின்றன. கரிவண்டித் தம்பி சொன்னதும் உண்மை. நடு ஆக்சில் பெட்டி 2 மி.மீ. விலகித்தான் இருந்தது. மெழுகில் திருத்தினேன்.

பிறருக்கு ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் ஈர அக்ரிலிக்கை நேரே ஸ்டைரீன் அட்டையில் வைத்தேன். லிக்விட் ஸ்டைரீனைக் கரைத்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. அட்டை அப்பளம் போலச் சுருண்டது. ஆனால் காய்ந்த அக்ரிலிக்கையும் ஸ்டைரீனையும் சேர்க்க, தூரிகை நுனியில் அதே லிக்விட் ஒரு சொட்டு போதும். இரண்டும் இளகி ஒன்றாகின்றன. கடைப் பசை எதுவும் இவ்வளவு பிடித்ததில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், வாடை தலைவலி தரும்.

இப்போது புதுத் தலைவலி. நேர்ப்பாதையில் ஓடுகிறது. 18 அங்குல ஆர வளைவில் நுழைந்ததும் கன்ட்ரோலரின் விளக்கு அணைந்து வண்டி நிற்கிறது. கையால் நேராக்கினால் மறுபடி ஓடுகிறது.

செங்கோட்டை பாசஞ்சர்

கொக்கியை எப்படி வளைத்தீர்கள்? இடது சட்டத்திலிருந்து வலது சட்டத்துக்கு அடியில் ஒரே கம்பியா?

பொன்மலைவாசி

ஆமாம். தாடையின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற மாதிரி. உறுதியாக இருக்குமே என்று.

செங்கோட்டை பாசஞ்சர்

வாய்க்குள் மின்சாரம் இல்லை அம்மா. இங்கே இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் மறு முனை. வளைவில் ஆக்சில் சற்றே பக்கவாட்டில் நகரும்போது இரண்டு பக்கச் சக்கரங்களும் உங்கள் கம்பியைத் தொடுகின்றன. கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. நடுவில் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு சட்டமும் தன் பக்கத்துக் கொக்கியால் மட்டும் நிற்கட்டும். நுனிகளில் நகப்பூச்சு ஒரு கோட்டிங்.

பொன்மலைவாசி

வெட்டினேன். மகளின் சிவப்பு நகப்பூச்சுதான் கிடைத்தது. அடியில்தானே, யார் பார்க்கப்போகிறார்கள். நான்கு ரயில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவை நாற்பது சுற்று சுற்றியது, ஒரு முறைகூட நிற்கவில்லை. பின் போகியின் இடது சட்டம் மட்டும் படிக்கட்டில் உரசுகிறது. தம்பி முன்பே சொன்னார், கேட்கவில்லை. உள்பக்கம் அரை மி.மீ. அரத்தால் ராவ வேண்டும்.

காலையில் ஒரு மேல்தாடை செட் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை முடித்துவிட்டு பெயிண்ட் பற்றிக் கேட்க வருகிறேன்.