பொருள்: ‘ஆன்டிமார்ட்டம் டென்டல் ரெக்கார்டு’ தமிழில் எப்படி?

பென்னாகரம்:
வணக்கம். காவல் நிலையங்களுக்கான தடயவியல் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அடையாளம் தெரியாத உடலின் பற்களை, அந்த ஆள் உயிரோடிருந்தபோது பல் மருத்துவர் வைத்த அட்டை, எக்ஸ்ரே, மாவுக்கட்டு அச்சு ஆகியவற்றோடு ஒப்பிடுகிறோம். அந்தப் பழைய ஆவணங்களுக்கு ஒரு சொல் வேண்டும். ‘பல் முற்பதிவு’ வேண்டாம். டோக்கன் வாங்குவது போலிருக்கும்.

அரூர்:
‘பற்பதிவு’ போதுமே ஐயா. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும். முடிந்தது.

ஓசூர்:
முடியவில்லை. ‘பற்பதிவு’ என்றால் கடித்த தடம் என்றே படிப்பார்கள். தோல் இழுபடும், வீங்கும்; கடித்தடத்தை வைத்து ஆளைச் சுட்ட அறிவியல் ஆதாரம் போதாது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கையே சொல்லிவிட்டது. நாம் பேசுவது வேறு. அட்டையில் 36-ஆம் எண் பல் பிடுங்கப்பட்டதாக இருந்து, உடலில் அந்தப் பல் இருந்தால் அந்த ஆள் இல்லை. தலைகீழாக இருந்தால் பரவாயில்லை, பிறகு பிடுங்கியிருக்கலாம். எண்முறையையும் பாருங்கள்: இரட்டை இலக்க முறையில் 18 மேல் வலது ஞானப்பல், 1 முதல் 32 வரை எண்ணும் முறையில் அது கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல்.

காவேரிப்பட்டணம்:
‘எயிறு’ இருக்க ‘பல்’ எதற்கு? ‘வாலெயிறு ஊறிய நீர்’ (குறள் 1121). எய்தல், முள்ளம்பன்றியைக் குறிக்கும் ‘எய்’, எயிறு, மூன்றிலும் கூர்மைதான் வேர் என்பது என் துணிபு. ‘எயிற்றாவணம்’ என்போம்.

ஓசூர்:
எஸ்.ஐ.க்கு அகராதியும் சேர்த்து அனுப்புவீர்களா?

பாலக்கோடு:
சொல் எதுவானாலும், கையேட்டில் ‘கறை’ என்ற பத்தியைத் திருத்துங்கள். ஃப்ளோரைடு தண்ணீரால் வரும் பழுப்புக் கறை, எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், படிவது. வெளியூரில் கிடைத்த உடலென்றால் அது பிள்ளைப்பருவம் கழிந்த வட்டாரத்துக்கு ஒரு துப்பு. தருமபுரியில் ஊர் ஊராக அதே கறை; இங்கே அதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. சொத்தைக் குழியை அடைத்த அடைப்பின் வடிவம், வேரின் வளைவு, வேர் சிகிச்சை, இவைதான் உதவும். அதுவும் பழைய எக்ஸ்ரேயின் கோணத்திலேயே புதியதையும் எடுத்தால். கோணம் மாறினால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும்.

பென்னாகரம்:
பத்தியைத் திருத்திவிட்டேன், நன்றி. ‘இறப்புமுன் பல் ஆவணம்’ என்று போடுகிறேன்.

அரூர்:
சேர்த்து ‘பல்லாவணம்’ என்று எழுதுங்கள்.

ஓசூர்:
‘பல ஆவணங்கள்’ என்று படிப்பார்கள் ஐயா. பிரித்தே இருக்கட்டும்.

காவேரிப்பட்டணம்:
அடைப்புக்குறிக்குள்ளாவது எயிறு வரட்டும்.