பொருள்: ‘டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்’ – ஒரே தமிழ்ச்சொல் போதுமா?

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய நாற்சக்கர இயக்க வண்டிகளுக்கான பராமரிப்புக் கையேட்டில் ‘டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் மாற்றுதல்’ (கியர்பெட்டி எண்ணெய் மாற்றுதல்) இயலுக்கு வந்திருக்கிறோம். வரைவில் எல்லா இடத்திலும் ‘கியர் ஆயில்’ என்றே எழுதியிருக்கிறது. பட்டறையில் புழங்கும் சொல்தான். ஆனால் கைமாற்று கியர்பெட்டிக்கும் அதே சொல், தானியங்கிக்கும் அதே சொல், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) அதே சொல் என்று வருகிறது. படிப்பவர் கடையில் போய் எதைக் கேட்பார்?

இதுவரை வந்த முன்மொழிவுகள்: பரப்புகைத் திரவம், செலுத்தப் பாய்மம், பல்லிணை எண்ணெய், செலுத்துநெய். எனக்குச் செலுத்துநெய் பிடித்திருக்கிறது. சுருக்கமாக இருக்கிறது, வினையோடும் ஒட்டுகிறது. உங்கள் கருத்து அறிய விழைகிறேன்.

அன்புடன்.

---

அனுப்புநர்: சொல்லாய்வாளர்

> பரப்புகைத் திரவம், செலுத்தப் பாய்மம்

முதலாவதை உடனே விட்டுவிடலாம். பரப்புகை வானொலிக்கு உரியது. இங்கே எதுவும் பரவவில்லை. பாய்மம் என்றால் வளிமமும் அடங்கும், இயற்பியல் பாடநூல்களில் அப்படித்தான் நிலைத்திருக்கிறது. புட்டியில் இருப்பது நீர்மம் மட்டுமே.

‘நெய்’ நல்ல பகுதி. எள்நெய் எண்ணெய் ஆனதுபோல உயவுநெய், பல்லிணைநெய் என்று எளிதாகச் சேரும். வேற்றுமை உருபும் இடராமல் ஏறும். பெட்டியைக் கொண்டு பிரிப்பதே நேர்வழி என்று நினைக்கிறேன்: கைமாற்றுப் பெட்டிக்குப் ‘பல்லிணைநெய்’, தானியங்கிக்குத் ‘தானியங்கிநெய்’.

---

அனுப்புநர்: பட்டறைப் பொறியாளர்

> பெட்டியைக் கொண்டு பிரிப்பதே நேர்வழி

ஐயா, இங்கேதான் இடர். பெட்டியை வைத்துப் பெயரிட்டால் கையேடு சில வண்டிகளைக் கெடுத்துவிடும்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் 1994 வரை வந்த எல்டி77 கியர்பெட்டியைப் பாருங்கள். முழுக்க முழுக்கக் கைமாற்றுப் பெட்டி. ஆனால் அதற்கு ஊற்ற வேண்டியது தானியங்கிகளுக்கென்று விற்கும் சிவப்பு நீர்மம்தான், ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் 2 தரத்து வகை. அதை ஒட்டியே பூட்டியிருக்கும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கெட்டியான ஈபி90 கியர் எண்ணெய். ஒரே வண்டியில், ஒரே உலோகச் சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இரண்டு வேறு நெய். ஜீப் செரோக்கியிலும் இப்படி உண்டு: ஏஎக்ஸ்-15 கைமாற்றுப் பெட்டிக்கு ஜிஎல்-3 தரத்து (ஜிஎல் எண் அழுத்தம் தாங்கும் தரத்தைக் குறிக்கும்) 75டபிள்யூ-90 (இது பாகுநிலை எண்), ஏறத்தாழ 3 லிட்டர், அதன் பின்னால் உள்ள என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சிவப்பு நீர்மம், ஏறத்தாழ 1 லிட்டர். ‘கைமாற்று வண்டி, ஆகவே பல்லிணைநெய்’ என்று எழுதினால் எல்டி77இல் கெட்டி எண்ணெய் போகும். குளிரில் கியர் விழவே மறுக்கும்.

பாகுநிலை (நெய்யின் கெட்டித்தன்மை) வேறுபாடு சிறிதல்ல. 100 பாகை செல்சியஸில் டெக்ஸ்ரான் 3 ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலை அலகு). 75டபிள்யூ-90 குறைந்தது 13.5. 90 என்ற எண்ணைப் பார்த்து எஞ்சின் ஆயிலோடு ஒப்பிடுவோரும் உண்டு. அது தவறு, இரண்டும் தனித்தனி அளவைகள். கியர் அளவையின் 90 என்பது எஞ்சின் அளவையில் 40, 50 அளவுக்குத்தான் வரும்.

பாகுநிலையைவிட முக்கியம் உராய்வு. கைமாற்றுப் பெட்டியில் ஒத்திசை வளையம் எதிரே உள்ள கூம்பைப் பற்றி வேகத்தைச் சமன் செய்தால்தான் கியர் சத்தமின்றி விழும். பற்றுவதற்கு உராய்வு வேண்டும். ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் கொண்ட உயரழுத்தச் சேர்மானம் ஜிஎல்-4ஐப்போல ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். அச்சிலுள்ள ஹைபாய்டு (ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுழலும்) பற்களுக்கு அது தேவை. ஒத்திசை வளையத்திற்கோ கேடு: சில ஜிஎல்-5 எண்ணெய்கள் சூட்டில் பித்தளை, வெண்கல வளையத்தை அரிக்கும், அரிக்காதவையும் வளையத்தை வழுக்கவிட்டுக் கியரைக் கரகரக்க வைக்கும். ‘கியர் ஆயில் 90’ என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் கையில் முதலில் வருவது ஜிஎல்-5தான்.

தானியங்கியில் நீர்மத்தின் வேலையே வேறு. பம்பின் அழுத்தத்தைக் கிளட்ச் பிஸ்டனுக்குக் கொண்டுசேர்க்கிறது, முறுக்குமாற்றியில் எஞ்சினின் விசையைக் கடத்துகிறது, உராய்வுத் தகடு எந்த அளவுக்கு வழுக்கிப் பின் பற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, சூட்டைக் குளிர்விப்பானுக்குச் சுமந்து போகிறது. உயவு அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே.

ஆகவே பெயர் நீர்மத்தின் இயல்பிலிருந்து வரட்டும், பெட்டியிலிருந்து வேண்டாம்.

---

அனுப்புநர்: சொல்லாய்வாளர்

ஏற்கிறேன். எல்டி77 எடுத்துக்காட்டு என் முன்மொழிவை முடித்துவைத்தது.

விசையைக் கடத்துவதே சிவப்பு நீர்மத்தின் தனிக்குணம் என்றால் அதற்கு ‘விசைநெய்’. பற்களைக் காக்கும் கெட்டி எண்ணெய்க்குப் ‘பல்லிணைநெய்’. கைமாற்றுப் பெட்டிக்குள் ஊற்றும்போது விசைநெய் விசையைக் கடத்தவில்லையே என்று கேட்கலாம். பொருளுக்குப் பெயர் அது எதற்காக உருவானதோ அதிலிருந்து வருகிறது. எங்கே ஊற்றினாலும் பெயர் மாறத் தேவையில்லை.

பொதுச்சொல் வேண்டுமென்றால் இயலின் தலைப்பில் மட்டும் ‘செலுத்துநெய்’ இருக்கட்டும்.

---

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

நன்றி. ‘சிவப்பு நெய்’ என்று இன்னும் எளிதாக வைத்தால் என்ன? கசிவைப் பார்த்ததும் அடையாளம் தெரியுமே.

செய்முறைப் பகுதியை இந்தச் சொற்களோடு ஒருமுறை எழுதித் தர இயலுமா? வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்.

---

அனுப்புநர்: பட்டறைப் பொறியாளர்

> ‘சிவப்பு நெய்’ என்று இன்னும் எளிதாக

வேண்டாம். சிவப்பு வெறும் சாயம், கசிவை எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறியச் சேர்ப்பது. உழைத்த நெய் பழுப்பாகிவிடும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத வகைகளும் ஒரே சிவப்பில் வருகின்றன. செரோக்கியின் ஏடபிள்யூ4 தானியங்கிக்கு டெக்ஸ்ரான் 3 வகை வேண்டும். கிரைஸ்லரின் ஏடிஎஃப்+4 என்ற நீர்மம் ஆகாது. வண்டியில் கிரைஸ்லர் பெயர் இருப்பதாலேயே அதை ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் சிவப்பு! டெக்ஸ்ரான் 3க்கு ஜெனரல் மோட்டார்ஸ் தந்துவந்த உரிமம் 2006 முடிவோடு நின்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். இன்று ‘டெக்ஸ்ரான் 3க்கு ஏற்றது’ என்று புட்டியில் இருந்தால் அது தயாரிப்பாளர் தாமே சொல்வது. பின்புற ஒட்டியில் பெட்டியின் பெயரோ தரக்குறியோ இருக்கிறதா என்று படித்துத்தான் வாங்க வேண்டும்.

செய்முறை வரைவு (கைமாற்றுப் பெட்டிக்கு):

“வண்டியைக் கால்மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுக. சூடான நெய் விரைந்து வடியும், அடியில் தங்கிய மண்டியையும் இழுத்துவரும். கொதிசூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். வண்டியை மட்டமாக நிறுத்துக. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் அளவு பொய்யாகும். தூக்குவதென்றால் நான்கு பக்கமும் தாங்கிகளில் நிறுத்துக.

முதலில் நிரப்புதிருகைக் கழற்றுக. அது கழன்றபின்னரே வடிதிருகைத் தொடுக. நெய்யை வடித்துவிட்ட பிறகு நிரப்புதிருகு இறுகிக் கிடப்பது தெரிந்தால், நெய்யில்லாத பெட்டியோடு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இறுகிய திருகுக்குத் துருநீக்கி எண்ணெய் தெளித்து ஓரிரவு விடுக. தலையைச் சிதைக்காத, பொருத்தமான சாக்கெட்டையே பயன்படுத்துக.

வடிதிருகின் காந்தத்தைப் பார்க்க. மைபோன்ற சாம்பல் பூச்சு இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் செதில்களும் பல்துண்டுகளும் பழுதின் அறிகுறி. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடித்த நெய்யை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது பொன்னிறத் துகள் மின்னினால், ஒத்திசை வளையம் தேய்கிறது என்று பொருள். நெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது.

புது வாஷரோடு வடிதிருகைப் பூட்டுக. நிரப்புதுளையில் நெய் வழியத் தொடங்கும்வரை பம்பால் ஏற்றுக. வழிவது நின்றபின் நிரப்புதிருகைப் பூட்டுக. ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்’ என்று வண்டியைச் சாய்த்து ஏற்றக் கூடாது: மிகை நெய் முன்சீலைத் தாண்டிக் கிளட்ச் தகட்டை நனைக்கும்.”

நீர் புகுவதற்கு இந்த வண்டிகளில் தனிக் காரணம் உண்டு, அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஓடிச் சூடான பெட்டி ஆற்றில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சுகிறது. மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் முழு உறிஞ்சலும் சீலின் மேல் விழும். ஆழமான நீரைக் கடந்த வண்டியில் நிரப்புதிருகைத் திறந்து விரல்விட்டுப் பார்ப்பது கட்டாயம். தானியங்கியில் நீர் இன்னும் கொடியது. உராய்வுத் தகட்டின் காகித மேற்பரப்பு நீரைக் குடித்து ஊறும், பசை விடும். ஆற்றில் இறங்காத வண்டியிலும் நெய் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பான் ஓட்டையாகியிருக்கலாம்.

எல்டி77, எல்டி230 இணையில் இன்னொன்று: நடுவிலுள்ள சீல் போனால் ஒரு பெட்டியின் நெய் மற்றதற்குப் போய்விடும். வெளியே ஒரு துளி கசிவும் இருக்காது. கியர்பெட்டி குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் அளவு மீறியிருந்தால் அதுதான் காரணம். விசைநெய்யும் பல்லிணைநெய்யும் கலந்துவிட்டன என்று இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது. ‘கியர் ஆயிலும் கியர் ஆயிலும் கலந்தன’ என்று எழுதவே முடியாது. சொல் நிற்கிறது என்பதற்கு எனக்கு இது போதும்.

---

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

மிக்க நன்றி. விசைநெய், பல்லிணைநெய், தலைப்பில் செலுத்துநெய் என்று ஏற்கிறேன். வடிதிருகு, நிரப்புதிருகு இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்தாயிற்று.

தானியங்கிப் பகுதியில் ஓர் ஐயம். ஏடபிள்யூ4க்குக் ‘கொள்ளளவு ஏறத்தாழ 8 லிட்டர்’ என்று வரைவில் இருக்கிறது. வடிதிருகைத் திறந்தால் ஏறத்தாழப் பாதிதான் வரும் என்கிறார்கள். எந்த எண்ணை எழுதுவது?

---

அனுப்புநர்: பட்டறைப் பொறியாளர்

இரண்டையும் எழுத வேண்டும், இரண்டு வேறு சொற்களில். மீதி நெய் முறுக்குமாற்றியிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் தங்கிவிடும். ‘கொள்ளளவு 8’ என்பதை நம்பி, பாதி வடித்த பெட்டியில் 8 லிட்டரையும் ஊற்றினால் சுழலும் உறுப்புகள் நெய்யைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தாங்காது, கிளட்ச் வழுக்கி எரியும்.

‘முழு நிறைவளவு’, ‘மாற்றளவு’ என்று பிரிக்கலாமா? முன்னது காய்ந்த பெட்டிக்கு, பின்னது பராமரிப்பின்போது ஊற்றுவதற்கு. செய்முறையில் லிட்டர் எண்ணை முந்தவிடாமல் இப்படித் தொடங்கலாம்:

“வடித்த விசைநெய்யை அளவுக்குவளையில் அளந்து, அதே அளவு புது நெய்யை ஊற்றுக. எஞ்சினை இயக்கி, பிரேக்கை அழுத்தியபடி நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்துக. நெய் சூடேறியதும், எஞ்சின் ஓடும்போதே அளவுகுச்சியில் பார்த்து, குறைவைச் சிறிது சிறிதாக நிரப்புக.”

ஏடபிள்யூ4இல் நெம்பு பார்க் நிலையில் இருக்க அளக்க வேண்டும். கிரைஸ்லரின் பழைய தானியங்கிகள் பலவற்றில் நியூட்ரலில். இதை வண்டிவாரியாக அட்டவணையில் கொடுங்கள். அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியை மாற்றுவோருக்கு ஒரு வரி: அடித்தட்டின் போல்ட்டுகள் அதிக முறுக்கைத் தாங்காது, கூடுதலாக முறுக்கினால் தட்டின் விளிம்பு வளைந்து அங்கேயே கசியும்.

---

அனுப்புநர்: சொல்லாய்வாளர்

மாற்றளவு நன்று. ‘முழு நிறைவளவு’ நீளம். நிறைவு என்றாலே முழுமைதான். ‘நிறையளவு’ என்றால் எடையோ என்று மயங்க இடமுண்டு. ஆகவே ‘நிறைவளவு’ போதும்.

---

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

நிறைவளவு, மாற்றளவு இரண்டையும் சேர்த்துவிட்டேன். அட்டவணையில் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு பத்திகள் வரும்: நெய்வகை, தரக்குறி, நிறைவளவு, மாற்றளவு. தானியங்கிகளுக்கு அளக்கும் நிலையை ஐந்தாவதாகச் சேர்க்கிறேன். திருத்திய வரைவு அடுத்த மடலில்.