வெயில் காலத்தில் கொம்புச்சா: நிறுத்துவதா, முறையை மாற்றுவதா?

வேங்கைமரம்:
ஏப்ரல் பிறந்தால் வீட்டில் கொம்புச்சா (சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்த பானம்) போடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. பரவலாகக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை 24 முதல் 28 டிகிரி வரை உள்ள சமையலறையை மனத்தில் வைத்து எழுதியவை. "7 முதல் 10 நாள் மூடி வை" என்று அதில் இருக்கும். நம் ஊரில் மே மாதத்தில் அதே 7 நாள் வைத்தால் வினிகர்தான் கிடைக்கும்.

புளிப்பு மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் முந்திக்கொள்கிறது. சர்க்கரையை உடைத்து மதுவும் வாயுவும் ஆக்குவது அதன் வேலை. அந்த மதுவை அமிலமாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், அதனால் அது மேல்பரப்பில்தான் மும்முரமாக வேலை செய்யும். கீழே ஈஸ்ட் ஓடும் ஓட்டத்துக்கு மேலே இருப்பது ஈடுகொடுக்க முடியாது. மேலே மிதக்கும் நுண்ணுயிர்த் தோல் மெலிந்து, பழுப்பு ஈஸ்ட் நூல் மண்டி, கள்வாடை அடிக்கும். இதைப் பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெயில் முடியும்வரை வாட்டர் கெஃபிர் (கெஃபிர் மணிகள் என்னும் நுண்ணுயிர்க் கட்டிகளால் சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்கவைத்த பானம்) போடுங்கள். 1 லிட்டர் தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 50 கிராம் கெஃபிர் மணிகள், 24 மணி நேரம். சர்க்கரையில் கால் பங்கு நாட்டுச்சர்க்கரையாக இருக்கட்டும். ஆர்ஓ தண்ணீரில் தாது இல்லாததால் மணிகள் சோர்ந்துவிடும், நாட்டுச்சர்க்கரை அதை ஈடுகட்டும்.

ஆழிமகள்:
நிறுத்தத் தேவையில்லை ஐயா. நாளைப் பார்த்துச் செய்தால்தான் கெடும், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) பார்த்துச் செய்தால் கெடாது. வெயிலுக்கு மாற்ற வேண்டியவை மூன்று: ஸ்டார்ட்டரின் (முந்தைய ஜாடியில் புளித்த கொம்புச்சாவின்) அளவு, அதை எங்கிருந்து எடுக்கிறோம், ஜாடியின் வாய்.

850 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு 6 கிராம் இலைத் தேயிலை போட்டுப் பத்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். டஸ்ட் டீ என்றால் 4 கிராம் போதும், கூடினால் துவர்ப்பு ஏறும். 60 கிராம் வெள்ளைச் சர்க்கரை. நன்றாக ஆறிய பிறகு 150 மில்லி புளித்த ஸ்டார்ட்டர். வழக்கமான 10 சதவீதத்தை 15 ஆக்குகிறோம். கலந்ததும் பிஎச் 4.2-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஸ்டார்ட்டர் ஊற்றுங்கள். பூஞ்சை பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில், அமிலம் போதாத ஜாடியில்தான்.

ஸ்டார்ட்டரை முந்தைய ஜாடியின் மேல்பாகத்திலிருந்து, கலக்காமல் எடுக்க வேண்டும். ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும். அடிநீரைக் கலக்கி எடுத்து அடுத்த ஜாடிக்கு ஊற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஈஸ்டைத்தான் பெருக்குகிறோம். நீங்கள் சொன்ன கள்வாடைக்கு வெயில் பாதிக் காரணம், இது மீதிக் காரணம். பழுப்பு நூலையும் ஒவ்வொரு முறையும் அலசி எடுத்துவிடலாம், தோலுக்குக் கேடில்லை.

வாய் அகன்ற கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொண்டு முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். பரப்பு கூடினால் அமில பாக்டீரியாவுக்குக் காற்று கூடும். மூடுவதற்கு நெருக்கமாக நெய்த வேட்டித் துணி. வலைத்துணியில் பழ ஈ நுழைந்து முட்டையிட்டுவிடும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ருசி பாருங்கள். 32 டிகிரியில் நான்கைந்து நாளிலேயே பிஎச் 3.2 பக்கம் வந்துவிடும். அங்கே எடுத்துவிட வேண்டியதுதான்.

கரிசல்காடு:
இவ்வளவு பாடு எதற்கு? கம்பங்கூழும் நீராகாரமும் புளித்த மோரும் இருக்கும் ஊரில், குடலுக்கு நல்ல நுண்ணுயிர் வேண்டும் என்பதற்காகத் தேயிலையை வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டுமா? இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தயார். வெயில் அதற்கு உதவிதான் செய்கிறது.

நுண்ணோக்கி:
கரிசல்காடு அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரி. இன்னொரு பாதி ஆபத்தானது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அண்ணன் சொன்ன 'குடலுக்கு நல்ல நுண்ணுயிர்' என்பதற்கு வழங்கும் 'புரோபயாட்டிக்' என்ற சொல். உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவில் உட்கொண்டால், நிரூபிக்கப்பட்ட நன்மை தர வேண்டும் என்பது 2001-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்த பொருள். இந்தியாவிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2011-இல் இதற்கு நெறிமுறை கொடுத்தது. எந்த வகை, எத்தனை என்று தெரிய வேண்டும். கடையில் விற்கும் யாகுல்ட் பானத்தின் 65 மில்லி குப்பியில் ஒரே வகை பாக்டீரியா 650 கோடிக்கு மேல் என்று எண்ணிச் சொல்கிறார்கள். கொம்புச்சாவில் பெரும்பான்மை அசிட்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்டும். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா சில ஜாடிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆகவே வீட்டுக் கொம்புச்சாவை உயிருள்ள புளிப்புப் பானம் என்று சொல்லலாம், புரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது. நீராகாரமும் மோரும் லாக்டிக் வகை, அந்த அளவில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவையும் எண்ணிப் பார்க்கப்பட்டவை அல்ல.

இனி ஆபத்து. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பானையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றில் ராத்திரி எந்நேரமோ தண்ணீர் ஊற்றுவது என்பது இதற்கு வழிவிடுவது. சோறு வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சோற்றின் அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றி, இரண்டு கரண்டி புளித்த மோரோ நேற்றைய நீராகாரமோ சேருங்கள். அமிலம் சீக்கிரம் ஏறும். பிஎச் 4.5-ஐ நெருங்கினால் இந்த பாக்டீரியா பெரிதும் ஒடுங்கிவிடும். பத்து மணி நேரம் போதும். உப்பு காலையில் போட்டுக்கொள்ளலாம். சோற்றைத் தொட்டால் நூல்விட்டால், வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கூழ் பற்றியும் ஒன்று. கேழ்வரகு மாவை இரவு முழுக்கப் புளிக்கவைத்து மறுநாள் நொய் சேர்த்துக் காய்ச்சும்போது, முதல் நாள் வளர்ந்த பாக்டீரியா எல்லாம் செத்துவிடுகிறது. உயிரோடு கிடைப்பது, காய்ச்சிய கூழை ஆறவைத்து மறுபடி புளிக்கவிடும்போது வருவதும், கரைக்கும் மோரில் இருப்பதும்தான். காய்ச்சியவுடன் கரைத்துக் குடித்தால் முதல் நாள் புளிப்பின் ருசி இருக்கும், உயிர் மோரில் மட்டும்தான்.

கரிசல்காடு:
தலைமுறை தலைமுறையாகக் குடித்த மக்கள் தட்டில் பரப்பி ஆற்றவில்லையே தம்பி?

நுண்ணோக்கி:
பழைய முறையில் கஞ்சியை வடித்த சோறு, மண்பானை, தண்ணீர் ஊற்றிய உடன் குளிர்ச்சி, அதே பானையில் ஒட்டியிருந்த நேற்றைய புளிப்பு. பானையே ஸ்டார்ட்டராக இருந்தது அண்ணா. இன்று குக்கரில் வைத்த சோறு, மூடியோடு இரவு பத்து மணிவரை சூடாகவே இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். முறை மாறிவிட்டது, பெயர் மட்டும் அதே.

வேங்கைமரம்:
மண்பானை என்றதும் சொல்லிவிடுகிறேன், கொம்புச்சாவை மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ யாரும் போட வேண்டாம். மெருகில் ஈயம் இருந்தால் அந்த அமிலம் அதைக் கரைத்துக் கொண்டுவரும். பீங்கான் பானையில் மாதக்கணக்கில் போட்டுக் குடித்தவர்களுக்கு ஈய நஞ்சேறியது ஆஸ்திரேலியாவில் 1998-இல் மருத்துவ இதழில் பதிவானது.

ஆழிமகள் அவர்களுக்கு: ஜாடி வரை நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வெப்பத்தை எப்படிக் குறைப்பீர்கள்? 36 டிகிரியில் மேல்நீர் எடுத்தாலும் ஈஸ்ட் ஈஸ்ட்தானே.

ஆழிமகள்:
தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர், அதில் ஜாடி, ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கு, காற்றோட்டமான இடம். சாக்கின் கீழ்முனை தண்ணீரில் நனைந்தபடி இருக்க வேண்டும், மேல்முனை மூடுதுணியைத் தொடக் கூடாது. தொட்டால் துணி நனைந்து காற்றை அடைத்துவிடும், பூஞ்சைக்கும் வழி. சேலம், கோவை போன்ற வறண்ட காற்றுள்ள ஊரில் சில டிகிரி இறங்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றிலேயே ஈரம் என்பதால் பலன் குறைவுதான். அங்கே ஜாடியை அடுப்படியிலிருந்து எடுத்து, தரையில், வீட்டின் உள் அறையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் ஏற்றாதீர்கள். குளிரில் அமில பாக்டீரியா முடங்கிவிடும், வெளியே எடுத்ததும் பூஞ்சை முந்தும்.

கருப்பட்டி, வெல்லம் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கொம்புச்சாவுக்கு வேண்டாம். அதிலுள்ள தாது பிஎச் இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஈஸ்டுக்கும் தீனி.

வேங்கைமரம்:
பாட்டிலுக்கு வாருங்கள். பழச்சாறு ஊற்றி அடைத்து வாயு ஏற்றும் இரண்டாம் நொதிப்பைத்தான் வெயிலில் செய்யவே கூடாது என்கிறேன்.

ஆழிமகள்:
கணக்குப் போட்டுச் செய்யலாம். 1 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு. 500 மில்லி பாட்டிலில் 4 கிராம் சர்க்கரை தரும் அளவுக்குச் சாறு விட்டால் லிட்டருக்கு 4 கிராம் வாயு. கடைக் கோலாவில் இருப்பது 6, 7 கிராம். இதில் எங்கே வெடிப்பு?

நுண்ணோக்கி:
அக்கா, இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. நான்காம் நாள் எடுத்த கொம்புச்சாவில் போட்ட சர்க்கரையில் பாதிக்கு மேல் அப்படியே மிச்சம் இருக்கும். லிட்டருக்கு 40 கிராம் மிச்சம் என்று வைத்தால் உங்கள் 500 மில்லியில் சாறு ஊற்றும் முன்பே 20 கிராம். அது முழுதும் நொதித்தால் லிட்டருக்கு 20 கிராம் வாயு, கோலாவைப்போல் மூன்று மடங்கு. நீங்கள் விட்ட 4 கிராம் அதற்கு எல்லையே அல்ல. நொதிப்பைக் கட்டுப்படுத்துவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மேலும் அதே அளவு வாயு 5 டிகிரியில் தரும் அழுத்தத்தைவிட 35 டிகிரியில் இரண்டரை மடங்கு கூட அழுத்தும். மூடிய பாட்டிலில் காற்றில்லாததால் மதுவும் அமிலமாகாமல் தங்கும். 0.5 சதவீதம் தாண்டினால் நம் நாட்டு உணவுச் சட்டப்படியே அது மதுபானம். குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆழிமகள்:
மிச்சச் சர்க்கரைக் கணக்கை ஏற்கிறேன். சாற்றின் அளவை விட்டுவிடுவோம், நேரத்தைப் பிடிப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலாக வையுங்கள். கடைச் சோடாபோல் அமுங்காமல் விறைத்ததும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். 33 டிகிரியில் இதற்கு 12 முதல் 24 மணி நேரம்தான் ஆகும். குடிநீர் வரும் மெல்லிய பாட்டில் கூடாது. சதுரக் கண்ணாடி பாட்டில், ஜாம் பாட்டில் அறவே கூடாது, மூலையில் விரிசல் விடும். உருண்டையான, அழுத்தம் தாங்கும் கம்பிப் பூட்டு பாட்டிலில் இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். மாம்பழக் கூழ் வேண்டாம், சக்கை வாயுவைப் பிடித்துத் திறக்கும்போது பீறிடும். வடிகட்டிய சாறு போதும்.

நீங்கள் பரிந்துரைத்த வாட்டர் கெஃபிர் இதைவிடச் சாது என்று நினைக்காதீர்கள் ஐயா. 24 மணி நேரத்தில் எடுத்ததில் சர்க்கரை இன்னும் நிறைய மிச்சம். அதை அடைத்து வெளியே வைத்தாலும் இதே கதிதான்.

வேங்கைமரம்:
வாட்டர் கெஃபிரை அடைக்கச் சொல்லவில்லை, வடிகட்டி நேராக ஃபிரிட்ஜுக்கு. விறைப்பு பார்க்கும் முறை பகலில் வீட்டில் ஆள் இருப்பவர்களுக்குச் சரி. காலையில் அடைத்துவிட்டு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவர் கண்ணாடி பாட்டிலைத் தொடவே வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. எல்லாப் பாட்டிலும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக இருக்கட்டும்.

நுண்ணோக்கி:
அதையே நானும் சொல்வேன். கூடவே, நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்த வீட்டுப் பானங்கள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்களுக்குக் கொம்புச்சா நாளுக்கு 120 மில்லி போதும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1995-இல் அயோவாவில் ஒரு மரணம் கொம்புச்சாவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று ஆராய்ந்தபோது, தொடர்பு உறுதியாகவில்லை. நலமாக இருப்பவர்களுக்குத் தீங்கு செய்யாமல் இருக்கலாம் என்று அந்த அறிக்கையில் குறிப்பிட்ட அளவு இதுதான்.

கரிசல்காடு:
தம்பி, மோர் சேர்த்த நீராகாரத்துக்குப் பிஎச் தாள் எது வாங்குவது?

நுண்ணோக்கி:
சிவப்பு நீலம் காட்டும் லிட்மஸ் பயன்படாது அண்ணா. 1 முதல் 14 வரை காட்டும் தாளிலும் 4-க்கும் 5-க்கும் இடையே நிறம் பிரித்துப் பார்ப்பது கடினம். 3.8 முதல் 5.4 வரை காட்டும் குறுகிய வீச்சுத் தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். சோற்றில் ஒட்டாமல், மேலே தெளிந்த நீரை ஒரு கரண்டியில் எடுத்து அதில் நனையுங்கள். கொம்புச்சாவுக்கு அது ஆகாது, 2.5 முதல் 4.5 வரை காட்டும் தாள் தனியாக வேண்டும்.