புறாமலைக்கு அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

வவுனியாக்காரி:
ஆவணியில் நாலு நாள் திருகோணமலையில் நிற்கப் போகிறோம். நான், இவர், எட்டு வயது மகன், முழங்கால் வலிக்கார அம்மா. மகனுக்குப் புறாமலைத் தீவில் சுறா பார்க்க வேண்டுமாம். இவரோ அது வெள்ளைக்காரன் சுட்டுப் பழகிய தீவு, ஏதாவது மிச்சம் கிடக்கும் என்கிறார். உண்மையா? ஒரு நாளைச் செலவழிக்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிலாவெளியான்:
தங்கச்சி, பிரித்தானியர் அதில் சுட்டுப் பழகியது உண்மைதான், ஆனால் அதைத் தேடிப் போனால் பாறையும் பற்றையும் மாடப்புறாவும்தான் மிச்சம். பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்குக் கீழே. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா ஆனது அங்கே இருக்கிற முருகைக்கல்லுக்காகத்தான், அதுதான் பவளப்பாறை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம், விடிய வெள்ளென வந்தால் சனம் குறைவு. சுறா செட்டை நுனி கறுத்த சாதி, ஆளைக் கண்டால் தானே விலகிப் போகும். அம்மாவுக்குத்தான் சரிவராது, தண்ணீரில் இறங்கிப் படகில் ஏற வேண்டும், அங்கே கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டு, மிதித்தால் ஓட்டுச்சல்லி மாதிரிக் கலகலக்கும்.

உப்புக்காற்று:
ஒன்று சொல்கிறேன், முகமூடி போட்டு முருகை பார்த்து நீந்தும்போது தண்ணீருக்குள் எழும்பி நிற்காதீர்கள். போன வருடம் எனக்கு முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து, பதறிப்போய்க் காலை ஊன்றிவிட்டேன். கீழே மான்கொம்பு மாதிரிக் கிளைத்திருந்த முருகை 'சடக்' என்றது. கிளைவிட்டதாவது கொஞ்சம் கெதியாக வளரும், உருண்டை முருகைக்கல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான். அன்று முழுக்க மனம் சரியில்லை, காலிலும் வெட்டு.

கோட்டையடி:
அக்கா, அம்மாவைத் திருகோணமலை ரவுணிலேயே இருக்கிற பிரெட்றிக் கோட்டைக்கு விடுங்கள். பழைய கோணேசர் கோயிலை இடித்த கல்லில் 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் பிரித்தானியர். அண்ணைக்கு வெள்ளைக்காரன் கதை வேண்டுமென்றால் அது இங்கேதான். கோட்டைக்குள் புள்ளிமான் மாடு மாதிரி நிழலில் படுத்திருக்கும், கையில் வாழைப்பழம் இருந்தால் பின்னாலேயே வரும். ஓட்டோ இப்போதைய கோணேசர் கோயிலடி வரை போகும்.

வவுனியாக்காரி:
சரி, அம்மாவும் இவரும் கோட்டைக்கு, நானும் மகனும் தீவுக்கு. இவருக்கு நீந்தத் தெரியாது என்று மட்டும் இங்கே எழுதக் கூடாதாம். மகனின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்குமா?

நிலாவெளியான்:
படகுக்காரரிடம் முதல் நாளே சொல்லி, போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பெரியாட்களுடையது கழுத்தால் கழன்றுவிடும்.